சோங்குப் பெட்டிக்குள் இருந்தவை

தலைவரே, நீங்கள் எழுதியது பொய்.

அவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று அச்சடித்துப் பங்கிட்ட நினைவுப் புத்தகத்திலேயே அந்தப் பொய் இருந்தது. "காட்டுக்குச் செல்கையில் அவசியமான பொருட்களை மறதியாக வீட்டில் விட்டுச் சென்றமையால் அன்னாரை இழந்தோம்" என்று எழுதினீர்கள். கீழே உங்கள் பெயர், ஊர்ச் சங்கத் தலைவர் என்ற பதவி, உங்கள் படம். அவருடைய படத்தைவிட உங்கள் படம் பெரிது. அன்றைக்கு நான் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனேன். இப்போது சங்கத்தின் ஆண்டு மலரில் அதே வரியை மறுபடியும் போட்டிருக்கிறீர்கள். மொன்றியலில் இனிப் பிறக்கிற பிள்ளையும் அவரை ஒரு மறதிக்காரர் என்றுதான் படிக்கும். இதற்கு மேலும் நான் சும்மா இருக்க முடியாது.

செயின்ட்-மிஷேலில் மெத்தையும் தலையணையும் தைக்கிற தொழிற்சாலையில் அவரோடு ஆறு வருடம் வேலை செய்தவள் நான். அவர் துணி வெட்டுவார், நான் தைப்பேன். அவர் குடியிருந்தது வில்லரேயில் உங்கள் வீட்டு நிலத்தடி பேஸ்மென்றில். அவருக்கு மறதி கிடையாது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்கிறேன். பெயர் போடவில்லை. பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதில் உண்மையாக இருப்பது அது ஒன்றுதான்.

அவரிடம் ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, இருந்தது. வன்னியில் இடியன் என்று சொல்வோமே, குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடுகிற துவக்கு, அந்த வகை. அவர் வன்னிக் காட்டில் அதோடு திரிந்தவர். இங்கே எங்கள் தொழிற்சாலை மெக்கானிக், ஒரு கியூபெக் கிழவர், தன்னுடைய பழைய துவக்கை அவருக்குக் கொடுத்தார். கல்லில் பொறி பறந்து வெடிக்கிற துவக்கு. ஒரு முறை ஒரு வெடிதான். வருடத்தில் கொஞ்ச நாளைக்கு இப்படியான துவக்கால் மட்டும் மான் சுட அனுமதி உண்டாம். அதற்காக வேலை முடிந்து போய், பிரெஞ்சில் பாடம் எடுத்து, சான்றிதழ் வாங்கினார். "பொன்ஜூர், சவா" என்று சுகம் கேட்பதைத் தவிர அதுவரை அவருக்கு வேறு பிரெஞ்சு வராது.

தோளில் வைத்து அணைக்கிற மரப்பகுதியை நாங்கள் சோங்கு என்போம். அந்தத் துவக்கின் சோங்கில் ஒரு பித்தளை மூடி இருந்தது. திறந்தால் உள்ளே நாலு விரல் போகிற அளவு குழி. வன்னி இடியனில் அப்படி ஒன்று இல்லை. நான் தீபாவளிப் பலகாரம் கொண்டு போன அன்று அதைத் திறந்து காட்டினார்.

"பிள்ளை, உலகத்திலை உனக்கு இவ்வளவு இடந்தான் எண்டால், என்னத்தை வைப்பாய்?"

"காசு" என்றேன்.

"காட்டிலை காசை ஆருக்குக் குடுப்பாய்? மானுக்கோ?"

"அப்ப குண்டு வைப்பன்."

"அதுவும் பிழை. குண்டும் மருந்தும் தோள் பையிலை கிடக்கும். சுடுறதுக்கு வேண்டினது எல்லாம் பையிலை. இதுக்குள்ளை வைக்கிறது, சுடாமல் போனால் வேண்டினது."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கொழுப்பு ஊறிய துணி வட்டங்கள். தோல் துண்டில் சுற்றிய மாற்றுக் கல் ஒன்று. குழலுக்குள் சிக்கின குண்டைக் குத்தி இழுக்க, கோலின் முனையில் பூட்டுகிற சின்னத் திருகாணி. தீ உள்ளே போகும் துளையைக் குத்தித் துப்பரவாக்க ஒரு கம்பி. கடைசியாக, பொத்தான் அளவு தகரத்துக்குள் கருக்கி வைத்த துணி. அதில் ஒரு பொறி விழுந்தால் போதும், கனன்று பிடிக்கும்.

"மழையிலை லைற்றர் நனைஞ்சால் வெறும் பிளாஸ்ரிக். இது நனையாது. ஒரு கல்லும் இந்தக் கறுத்தத் துணியும் இருந்தால் எந்தக் காட்டிலையும் விடியுமட்டும் இருப்பன்."

"இதையும் பையிலை வைச்சால் என்ன அண்ணை?"

அவர் எல்லாவற்றையும் எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப வைத்து மூடினார். பிறகு சொன்னார். "பை எண்டது கையை விட்டுப் போற சாமான். சண்டைக்குள்ளை கடலேரியைக் கடக்கேக்கை தண்ணி கழுத்துக்கு வந்தது. பையை விட்டன். பைக்குள்ளை மகளின்ரை மருந்து." அவ்வளவுதான். எந்த வருடம், பிள்ளைக்கு என்ன நடந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பயிற்றம் பணியாரத்தை எடுத்துக் கடித்து, "எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அவரைப் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி நாள் அவரைக் கண்டால் எனக்குப் பயம். வெட்டிக்கொண்டிருக்கிற கத்தியை நிறுத்திவிட்டு, "இப்ப நெருப்புப் பிடிச்சால் எந்தக் கதவாலை ஓடுவாய்?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் விட்டால் மத்தியானம் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் இருமல் குளிசை, மாத்திரை, வந்த ஒரு சின்னத் தகரப் பெட்டி வைத்திருப்பார். அதற்குள் ஊசி, நூல், மெழுகுதிரித் துண்டு. அது அவருக்குத் தொழிற்சாலைச் சோங்குப் பெட்டி.

ஒருநாள் நாங்கள் மூன்று பேர் சாமான் ஏற்றுகிற லிஃப்ற்றில் மாட்டிக்கொண்டோம். அவர், நான், தலையணைப் பகுதியில் வேலை செய்த ஒரு ஹெயிட்டிப் பெண். லைற்றும் நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், அந்தப் பெண்ணின் பேச்சு குழறத் தொடங்கியது. தோளைத் தொட்டுப் பார்த்தேன், வேர்வையில் குளித்திருந்தாள். இருட்டில் தகரம் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் அவளுடைய வாயில் எதையோ வைத்தார். சீனிக்கட்டி. அவளுக்கு நீரிழிவு இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. வெளியே வந்த பிறகு கேட்டேன்.

"எப்பவும் சீனி வைச்சிருப்பியளோ அண்ணை?"

"இல்லை. இண்டைக்குக் காலமைதான் போட்டனான்."

"ஏன்?"

"போடச் சொல்லிச்சுது."

"ஆர் சொன்னது?"

"கை" என்று சொல்லி வலது கையைத் திருப்பிப் பார்த்தார், யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இனித் துணி விசயம். தலைவரே, இது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதி.

குண்டு குழலுக்குள் ஆடாமல் இறுக்கமாகப் போக அதைச் சுற்றி ஒரு துணி வட்டம் வேண்டும். வெடித்ததும் துணியும் குண்டோடு வெளியே வந்து கொஞ்சம் தள்ளி விழும். மெக்கானிக்கின் தம்பியுடைய பண்ணையில் அவர் சுட்டுப் பழகுவார். ஒருமுறை நானும் என் கணவரும் பார்க்கப் போனோம். முதல் வெடிக்கான துணியை வீட்டிலிருந்தே வாய்க்குள் அதக்கிக்கொண்டு வந்தார். எச்சிலில் ஊறினால் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்குமாம். ஒரு பக்கக் கன்னம் உப்பி இருக்க, அந்தத் துணிக்கு மேலாலேயே எங்களோடு கதைத்தார். வெடித்தது. வெள்ளைப் புகை, கூழ்முட்டை நாற்றம். குண்டு எங்கே பட்டது என்று அவர் பார்க்கவே இல்லை. புல்லுக்குள் குனிந்து துணியைத் தேடினார்.

"துணிதான் சொல்லும். நடுவிலை கருகினால் துணி மெல்லிசு. ஓரம் கிழிஞ்சால் குழலிலை எங்கையோ கூர் இருக்கு. முழுசாய் வந்தால் எல்லாம் சரி."

புதுத்துணியில் கஞ்சி இருக்கும், பல தரம் தோய்த்த பழைய பருத்தித் துணிதான் நல்லது என்று வேலைத்தலத்தில் எல்லோரிடமும் பழைய உடுப்புக் கேட்பார். தந்ததை முன்பல்லால் கடித்துப் பார்ப்பார், லைற்றுக்கு நேரே பிடிப்பார். நான் ஒரு பழைய சட்டை கொடுத்தேன். மேற்பார்வை செய்கிற மேரி அக்கா ஒரு தலையணை உறை கொடுத்தா. உங்கள் மனைவி உங்களுடைய ஒரு பழைய வேட்டியைக் கொடுத்தா.

அடுத்த முறை அந்த பேஸ்மென்றுக்குப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். துணி காயப்போடுகிற கொடியில், ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர் வரை, சுட்ட துணி வட்டங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கடதாசித் துண்டு, அதில் உடுப்புத் தந்தவரின் பெயர், வடிவான வட்டக் கையெழுத்தில். என் பெயரும் இருந்தது. என் சட்டை முழுசாக இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்பு. மேரி அக்காவின் துணியில் நடுவில் நாணயம் அளவு ஓட்டை. அதற்கு முந்தின கிழமைதான் மேரி அக்கா பஸ் தரிப்பில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்தவ.

"அண்ணை, இதென்ன கோதாரி? பேரெல்லாம் எழுதி?"

"எந்தத் துணி நல்ல துணி எண்டு பேந்து தெரியவேணுமெல்லே."

"அதுக்கு ஆக்களின்ரை பேர் எதுக்கு? சிவப்புக் கோடு, நீலக் கோடு எண்டு எழுதுங்கோவன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆரின்ரை எண்டு தெரியாமல் ஒண்டையும் எரிக்கப்படாது, பிள்ளை."

அதற்குப் பிறகு நான் தனியாக அங்கே போகவில்லை.

உங்கள் வேட்டித் துண்டு கொடியின் கடைசியில் தொங்கியது. விரல் போகிற ஓட்டை. வேட்டி மெல்லிசு, அதுதான் காரணம், ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு இருக்கும்போது நான் உங்களிடம் என்ன சொன்னேன்? "அண்ணை, கவனம். உங்களைச் சுட்டுப்போட்டார். நெஞ்சிலை ஓட்டை." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பந்தியில் யாரோ, "சூனியமோ?" என்று கேட்டார்கள். "ஓம், நல்ல கறுத்தச் சூனியம்" என்று நான்தான் சொன்னேன். பகிடிக்குச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. பாயாசத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனீர்கள்.

இரண்டு கிழமைக்குள் உங்களுக்கு நெஞ்சு நொந்து, ஆஸ்பத்திரியில் இருதயத்தில் குழாய் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு உங்கள் மனைவி மூலம் தெரியும். தெரு மூலைத் தெப்பனர் கடையில் பால் வாங்க நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டா.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உனக்கு மட்டும் சொல்லுறன். கீழை இருக்கிறது மனுசன் இல்லை. இவர் ராத்திரி நித்திரை கொள்ளுறேல்லை."

"அப்ப வீட்டை விட்டு எழுப்புங்கோவன்."

"ஐயோ, பகைக்கப்படாதாம். பகைச்சால் இன்னும் செய்வானாம். எங்கை போனாலும் இவர்தான் காரிலை ஏத்திக்கொண்டு திரியிறார், சிரிச்சுச் சிரிச்சு."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

அவ குரலைத் தாழ்த்தினா. "இவருக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். செய்வினைச் சாமான் அந்தத் துவக்குப் பெட்டிக்குள்ளைதானாம் இருக்கு. அதை எடுத்து ஓடுற தண்ணியிலை விட்டிட்டு, அந்த இடத்திலை திருநீறை வைச்சால் கட்டு அறுந்திடுமாம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிடமே அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உங்களுக்கு விசர் அக்கா" என்று சொல்லி மீதிக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மனிதன் உண்மையாக அப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வெட்டு மேசையில் கடதாசி விரித்து மறுநாள் வேட்டைக்கு ஆயத்தம் செய்தார். வட்டங்களை நான்தான் வெட்டிக் கொடுத்தேன். அவர் கொழுப்புத் தடவினார். கல், திருகாணி, கம்பி, கருக்கின துணி, எல்லாம் என் கண்முன்னால் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு எண்ணினார், ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றி முடிந்தார். தலைவரே, மறதியாக வீட்டில் விட்டார் என்றா எழுதினீர்கள்?

அடுத்த நாள் காலை எட்டு மணிபோல எனக்கு ரெலிபோன் வந்தது. அவர் எனக்குப் போன் எடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். வடக்கே போகிற பாதையில் ஒரு கோப்பிக் கடையிலிருந்து எடுத்தார். பின்னால் கோப்பை சத்தம் கேட்டது.

"என்ன அண்ணை, மான் அகப்பட்டிட்டுதோ?"

"இன்னும் போய்ச் சேரேல்லை. கோப்பி குடிக்க நிண்டது. தலைவர் கையுறையைக் காருக்குள்ளை விட்டிட்டாராம், எடுக்கப் போயிருக்கிறார்."

"அப்ப என்ன விசயம்?"

"கை ஒரு மாதிரி இருக்குப் பிள்ளை. வெளிக்கிட முன்னம் எல்லாம் பாத்து மூடினனான். இப்ப காருக்குப் போய்த் துவக்குப் பெட்டியைத் திரும்பத் திறந்து பாக்கச் சொல்லுது" என்றார்.

நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் தோசை கருகியது. "நீங்களும் உங்கடை கையும்! சும்மா போட்டு வாங்கோ அண்ணை. பாத்து மூடினதை எத்தனை தரம் பாக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்றார். சிரித்தார். போனை வைத்தார்.

அவர் திறந்து பார்க்கவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் பார்க்கவில்லை. முதல் வெடிக்குப் பெட்டி தேவையில்லை. மருந்தும் குண்டும் பையில், துணி வாய்க்குள். ஆகவே காட்டுக்குள் போகும்போதும் பெட்டியைத் திறக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பொலிஸ் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவருடைய பேர்சில் என் நம்பர் இருந்ததாம். வேறு ஒருவருடைய நம்பரும் இருக்கவில்லை. குசினி மேசையில் படங்களைப் பரப்பினாள். எனக்குத் தெரிந்த தொழிற்சாலைப் பிரெஞ்சில் விளங்கிக்கொண்டது இவ்வளவு: பாறையில் சறுக்கிக் கணுக்கால் முறிந்திருக்கிறது. பகல் முழுக்க மழை, பிறகு ஈரப் பனி. ஒரு பெரிய மரத்தின் கீழ் சாய்ந்தபடி கிடைத்தார். துவக்கு நிறைத்தபடி இருந்தது, வெடிக்கவில்லை. மருந்து ஈரமாகி, துளை அடைத்துப்போயிருந்தது. ஒரு கம்பி இருந்திருந்தால் குத்தித் துப்பரவாக்கியிருக்கலாம். ஒரு வெடி கேட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அவருக்கு முன்னால் சுள்ளிகள் அடுக்கியிருந்தன, மரப்பட்டையைச் சீவிப் போட்டு, அவ்வளவு வடிவாக. நெருப்பு இல்லை.

"வாய்க்குள் ஒரு துணி இருந்தது" என்றாள் அந்தப் பெண். "யாரோ வாயை அடைத்திருக்கிறார்களா என்று முதலில் சந்தேகப்பட்டோம். ஆனால் அது அவருடைய சட்டை. அவரே கிழித்திருக்கிறார். ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அது அடுத்த வெடிக்கான துணி. எல்லோருடைய உடுப்பையும் வாங்கிச் சுட்ட மனிதன் அவர். தன்னுடைய உடுப்பில் ஒரு வட்டம் ஒருநாளும் வெட்டியதில்லை. கொடியில் அவருடைய பெயர் மட்டும்தான் இருக்கவில்லை.

பிறகு அவள் சோங்கின் படத்தை வைத்தாள். பித்தளை மூடி திறந்திருந்தது. "இந்தச் சாம்பல் என்ன?" என்று கேட்டாள்.

உள்ளே கல் இல்லை. கம்பி இல்லை. தகரம் இல்லை. திருநீறு, ஒரு கடதாசியில் மடித்து, ஈரத்தில் களியாகி இருந்தது. அந்தக் கடதாசி கோயில் அர்ச்சனைத் துண்டு. பெயர் எழுதிய இடத்தில் மை கரைந்துவிட்டது. நட்சத்திரம் கரையவில்லை. அவிட்டம். அவருடைய நட்சத்திரம் எதுவென்று அவருக்கே தெரியாது, அவர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதை ஒருவரும் கண்டதில்லை. அவிட்டம் யாருடைய நட்சத்திரம் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் உங்கள் பிறந்தநாள் பூசைக்கு ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள்.

நான் பொலிசுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "இது எங்கள் சமயத்தில் ஆசீர்வாதம். அவரே வைத்திருப்பார்" என்று சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள். அப்போது என் தம்பியின் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சங்கத்தின் கடிதம் தேவை, அதில் உங்கள் கையெழுத்துத் தேவை. கடிதம் அடுத்த கிழமையே வந்தது. நான் கேட்காமலே வந்தது. தம்பி இப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். அவர் இருந்த பேஸ்மென்றை நீங்கள் ஒரு மாணவப் பெடியனுக்கு வாடகைக்கு விட்டீர்கள். அந்தப் பெடியன் இரண்டு மாதத்தில் வெளிக்கிட்டுவிட்டான். கொடியில் ஒன்றும் இல்லாத நாளிலும் கிளிப்புகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்கிறதாம். இதை நான் நம்பச் சொல்லவில்லை. உங்கள் மனைவி சொன்னா, எழுதுகிறேன்.

நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. சூனியம் என்ற சொல்லை முதலில் ஆமோதித்தவள் நான். தெப்பனரில் கேட்டதை மறைத்தவள் நான். "சும்மா போட்டு வாங்கோ" என்று அனுப்பியவளும் நான். பொலிசுக்குப் பொய் சொன்னேன். இதையெல்லாம் வருகிற பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் முன்னால், நானே முதலில் சொல்லப் போகிறேன். பிறகு மைக்கை உங்களிடம் தருவேன்.

கல்வெட்டைப் பற்றி நான் கேட்க மாட்டேன். பெட்டியைத் திறந்தது யார் என்றும் கேட்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் நாள் முழுக்கக் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்ததாகப் பொலிசுக்குச் சொன்னீர்கள். இருட்டினதும், அவர் வழமைபோலக் காட்டிலேயே தங்கிவிட்டார் என்று நினைத்து வீட்டுக்கு வந்ததாகச் சொன்னீர்கள். பொலிசுக்கு நீங்கள் போன் எடுத்தது அடுத்த நாள் காலை. கார் நின்ற இடத்துக்கும் அந்த மரத்துக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான் என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள், எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று நினைத்து.

துவக்கு வெடிக்கவில்லை. ஆகவே அவர் வாயால்தான் கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டுக் களைத்த பிறகுதான் அந்தத் துணியை வாய்க்குள் வைத்திருப்பார். தலைவரே, எத்தனை மணி வரைக்கும் கூப்பிட்டார்? என்ன சொல்லிக் கூப்பிட்டார்? உங்கள் பெயரைச் சொல்லியா? மண்டபத்தில், எல்லோருக்கும் கேட்க, மைக்கில் சொல்லுங்கள்.